பதினெட்டாவது பூச்சு

செண்பகா மில்லின் கழிவுப் பஞ்சு குடோனில் பன்னிரண்டு பெண்கள் எரிந்து செத்து முப்பத்து நான்கு வருடங்கள் கழித்து, துளசிமணி அந்த மில்லுக்குள் மறுபடி நுழைந்தாள். அவளை வேலைக்கு அழைத்தவர் மில் முதலாளி சதாசிவம். அவள் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியாது.

கோயமுத்தூர் சிங்காநல்லூரில் இருபது வருடமாகப் பூட்டிக் கிடந்த மில் அது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிடுவார்கள் என்றுதான் ஊர் நினைத்திருந்தது. ஆனால் சதாசிவம் எழுபத்தொரு வயதில் வேறு முடிவுக்கு வந்தார். கட்டடத்தை அப்படியே வைத்துக் கலைக்கூடமாக மாற்றுவது; ஸ்பின்னிங் ஹாலில் ஓவியக் காட்சி, பாய்லர் அறையில் நாடகம், கேன்டீனில் நூலகம். வேலை நான்கு வருடம் நடந்தது. நகரத்தின் ஞாபகத்தைக் காப்பாற்றும் மனிதர் என்று பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. தொடக்கமாகப் பத்து நாள் கலைவிழா. அதற்கு ‘மில் பேசுகிறது’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பேச வைக்க வேண்டியது துளசிமணியின் பொறுப்பு.

“சார், இவங்கதான் தஞ்சாவூர்ல அந்தச் சத்திரத்தைப் பேச வெச்சவங்க,” என்று கட்டடக் கலைஞர் ஷபீர் அவளை அறிமுகப்படுத்தினான். உக்கடத்துக்காரன், நாற்பது வயது இருக்கும். இந்த மில்லின் ஒவ்வொரு உத்திரத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக நேசித்தான்.

சதாசிவம் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளைப் பார்த்தார். “சுவத்துல சத்தம் எப்படிம்மா இருக்கும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பார்க்கலாம்.”

“சுண்ணாம்பு அடிச்சா அன்னைக்கே காஞ்சுருமுங்க. ஆனா முழுசா இறுகறதுக்கு இருபது நாள் ஆகும். காத்தை இழுத்து இழுத்துக் கல்லா மாறும். அந்த இருபது நாளும் பக்கத்துல எழும்பற சத்தம், அது மாறற விதத்தைக் கொஞ்சம் கொஞ்சம் அசைச்சுக்கிட்டே இருக்கும். அந்த அசைவு அப்படியே நின்னுரும். எங்க ரீடர் அதைத் திருப்பிச் சத்தமாக்கும்.”

“அப்ப வருஷம் பூராவும் பேசுனது இருக்காது?”

“இருக்காதுங்க. ஒரு பூச்சுக்கு இருபது நாள்தான். நீங்க வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கீங்க. அதனால வருஷத்துக்கு ஒரு இருபது நாள் கிடைக்கும்.”

“இருபது நாளையும் உக்காந்து கேக்கணுமா?”

“வேண்டாமுங்க. ஆளு பேசற இடம், பெருசாச் சத்தம் எழும்பற இடமெல்லாம் மிஷினே பிரிச்சுக் குடுத்துரும். ஒரே ஒரு விஷயம். படிச்ச பூச்சு பொடியா உதிர்ந்துரும். ஒரு தடவைதான் படிக்க முடியும். அப்புறம் நம்ம கையில இருக்கற பதிவு மட்டும்தான் மிச்சம்.”

சதாசிவம் முற்றத்துக்கு அப்பால் தனியாக நின்ற தாழ்ந்த கட்டடத்தைக் கைத்தடியால் காட்டினார்.

“அந்தக் கழிவுப் பஞ்சு குடோனை மட்டும் தொடாதீங்க அம்மிணி. அங்க ஒரு அசம்பாவிதம் நடந்து போச்சு. செத்தவங்க நிம்மதியா இருக்கட்டும்.” ஷபீரின் பக்கம் திரும்பினார். “அந்தக் குடோன் வெராந்தாச் சுவத்த எப்ப எடுக்கறீங்க?”

“மூணு வாரம் கழிச்சு வர்ற புதன்கிழமை சார். அங்கதான் கண்ணாடி வாசல் வருது.”

“நல்லது,” என்றார் அவர்.

துளசிமணி தலையசைத்தாள்.

அந்தக் குடோனில் அவளுடைய அம்மா ராமாத்தாள் மேஸ்திரியாக இருந்தாள். பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவிலிருந்து வரும் கழிவுப் பஞ்சில் தூசியும் விதையும் பொறுக்கும் பதினொரு பெண்களுக்குத் தலைவி. பஞ்சைத் திருடிப் புடவைக்குள் வைத்துக்கொள்வார்கள் என்று அவர்களை உள்ளே விட்டு வெளியே சங்கிலி போட்டுப் பூட்டுவது மில்லின் வழக்கம். மில்லில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள் மத்தியானம் மின்கசிவில் குடோன் எரிந்த பிறகு, விசாரணையில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது என்று மில் நிர்வாகம் சொன்னது. பெண்கள் படுத்துத் தூங்குவதற்காக மேஸ்திரி ராமாத்தாள்தான் தாழ்ப்பாள் போட்டாள் என்று எழுதினார்கள். அன்று தான் சென்னையில் இருந்ததாக முதலாளி சத்தியம் செய்தார். மில்லில் சம்பளம் வாங்கிய அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

துளசிமணிக்கு அப்போது ஒன்பது வயது. பதினொரு வீடுகளும் அவளை ‘கதவைச் சாத்துனவ மக’ என்று கூப்பிட்டன. பக்கத்து வீட்டு மயிலாத்தாளின் தங்கை சாந்தாவும் அந்தத் தீயில் போனவள். ஒருநாள் தெருக்குழாயில் துளசிமணி பிடித்து வைத்த குடத்தை மயிலாத்தாள் காலால் எத்திக் கவிழ்த்தாள். “உங்காத்தா கை பட்ட கதவு சாம்பலாப் போச்சு, நீ தொட்ட தண்ணி எங்க தெருவுல எதுக்குடி?” என்றாள். அந்த மாதமே அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு தாராபுரத்துக்குப் போய்விட்டார். சாகும்வரை அவர் ஒன்றையே சொன்னார். “அன்னைக்கு மத்தியானம் முதலாளியோட வெள்ளை அம்பாசிடர் குடோன் வாசல்ல நின்னுச்சு கண்ணு. நான் பார்த்தேன்.” யாரும் அவரை நம்பவில்லை. நம்பியவள் துளசிமணி ஒருத்திதான்.

அவள் இயற்பியல் படித்ததும், ஊர் ஊராகப் பழைய சுவர்களைச் சுரண்டிக் கற்றுக்கொண்டதும் இந்த ஒரு சுவருக்காக. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

முதல் மூன்று வாரம் அனுமதித்த சுவர்களைப் படித்தாள். இஸ்திரிப் பெட்டி அளவுள்ள ரீடரைச் சுவரில் ஒட்டிவிட்டால் அது தானே மெல்ல ஊர்ந்து இறங்கும்; சுண்ணாம்பு மாவாகத் தட்டில் விழும்; காதுக் கருவியில் மில் உயிர்த்து எழும். சங்கு ஊதியது. நூல் சுற்றும் கோன்கள் ஓடும் இரைச்சலுக்கு மேலே ஒருத்தி இன்னொருத்தியின் மாமியாரைத் திட்டினாள். யாரோ ஒரு பெண் வளைகாப்புப் பாட்டைப் பாதியில் மறந்துவிட்டுச் சிரித்தாள். ஷபீர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இதைத்தாங்க நான் நாலு வருஷமாக் காப்பாத்திட்டு இருக்கேன். செங்கல்லை இல்ல,” என்றான்.

ஒவ்வொரு வருடப் பூச்சிலும் ஆயுத பூஜை அன்று தொழிலாளர் முன்னால் சதாசிவம் பேசிய பேச்சும் இருந்தது. இளவயதுக் குரல், கம்பீரமான குரல். “கதவு எப்பவும் உங்களுக்குத் திறந்தே இருக்கும்” என்று ஒரு வருடம் பேசியிருந்தார். அதைத் துளசிமணி மூன்று தடவை கேட்டாள்.

சுவரை இடிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. வேலையாட்கள் மதியச் சாப்பாட்டுக்காகக் கேன்டீன் பக்கம் போனதும் அவள் குடோன் வெராந்தாவுக்குப் போனாள். இரண்டடிக் கனமுள்ள சுவர். உள்பக்கம் வெந்து கருகியிருந்தாலும் வெளிப்பக்கம் பிழைத்திருந்தது. மேலே அடித்திருந்த பெயின்டையும் பிந்திய பூச்சுகளையும் சுரண்டி எடுத்தாள். ஓரிடத்தில் மெல்லிய கரித்தடம் தெரிந்தது. அதற்கு அடியில் இருந்தது பதினெட்டாவது பூச்சு. தீப்பிடிப்பதற்குச் சில நாள் முன்பு அடித்த சுண்ணாம்பு.

ரீடரை வைத்தாள்.

முதலில் காலைச் சத்தங்கள். செருப்புகள். பேச்சு. அப்புறம் வெளியே இரும்புச் சங்கிலி கொக்கியில் விழும் ஓசை, பூட்டு கிளிக்கென்று இறுகும் ஓசை. அவள் மனதில் எத்தனையோ தடவை கற்பனை செய்த ஓசை. கற்பனையைவிட அது சின்னதாக இருந்தது.

பிறகு தீ. பிறகு கதவில் கைகள். பல குரல்கள் ஒன்றாகக் கூவின. அவற்றுக்கு மேலே ஒரு குரல்:

“சங்கிலிய எடுங்க! ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்களா? சங்கிலிய எடுங்க! சாந்தா, கீழ உக்காரு, சேலையில மூஞ்சிய மூடு! எல்லாரும் கீழ உக்காருங்க! சங்கிலிய எடுங்கய்யா!”

முப்பத்து நான்கு வருடம் கழித்து அம்மாவின் குரல். கடைசியில் அது இருமலாக மாறி நின்றது.

துளசிமணி காதுக் கருவியைக் கழற்றிவிட்டாள். அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை. ரீடர் மட்டும் மீதிப் பூச்சைப் படித்துப் பதிவு செய்துகொண்டே கீழே வந்தது. சுவரின் அடியில் வெள்ளையும் கறுப்புமாகப் பொடி குவிந்தது. அவள் அதை ஒரு பேப்பரில் அள்ளி வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை.

சங்கிலி ஓசையும் அம்மாவின் குரலும் போதும், உலகம் நம்பும் என்றுதான் முதலில் நினைத்தாள். அன்று சாயங்காலமே அந்த நினைப்பு தளர்ந்தது. சங்கிலி போட்டவன் யாரோ ஒரு வாட்ச்மேன் என்பார்கள். அவன் எப்போதோ செத்துப்போனான். முதலாளி சென்னையில் இருந்தார். நடந்ததற்கு வருந்துகிறேன் என்று மேடையில் கண்ணீர் விடுவார். குடோன் இருந்த இடத்தில் ஒரு நினைவுச் சிற்பம் வைப்பார். அதற்கும் பத்திரிகைகள் அவரைப் பாராட்டும்.

அவளுக்கு வேண்டியது அவருடைய வருத்தமல்ல. அவருடைய முகத்திரை கிழிவது.

அவரது குரல் பல வருடப் பூச்சுகளிலிருந்து அவளிடம் சேர்ந்திருந்தது. ‘கத்தட்டும்’ என்று ஒரு வருடம் சலித்துக்கொண்டிருந்தார். ‘திறக்காதே’ என்று யாரையோ அதட்டியிருந்தார். தேவையானதைச் சேர்த்து ஒட்ட இரண்டு நாள் ஆனது. பூச்சு உதிர்ந்துவிட்டது, இனி எவரும் சுவரிடம் போய்ச் சரிபார்க்க முடியாது. தன் தொழிலில் ஒருவரும் செய்யக்கூடாத காரியம் இதுதான் என்று அவளுக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் அவளே சொல்லிக்கொடுப்பது அது. தெரிந்தேதான் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை மில் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லைன் வீடுகளுக்குப் போய் மயிலாத்தாளைத் தேடிப் பிடித்தாள். அறுபதைத் தாண்டியிருந்த மயிலாத்தாளுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

“விழாவுக்கு வாங்க. மில்லுல வேலை பார்த்தவங்க வீட்டுக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க,” என்றாள்.

“என்ற தங்கச்சி அங்கதான் செத்தா அம்மிணி. நான் அந்தப் பக்கமே போறதில்ல.”

“அதுக்காகத்தான் கூப்படறனுங்க. ஒருக்கா வாங்க.”

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஸ்பின்னிங் ஹாலில் நானூறு பேர் இருந்தார்கள். ஓவியர்கள், மாணவர்கள், அதிகாரிகள், பட்டுப் புடவைகள். கடைசி வரிசையில் சுவரை ஒட்டி மயிலாத்தாளும் இன்னும் இருபது முப்பது பேரும். முதல் வரிசை நடுவில் சதாசிவம், பக்கத்தில் மகள் வசுந்தரா.

விளக்குகள் அணைந்தன. சுவர்களுக்குள் வைத்திருந்த ஒலிபெருக்கிகளில் மில் ஓடத் தொடங்கியது. சங்கு ஊதியபோது பழைய தொழிலாளிகள் சிலர் தங்களையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்கள். வளைகாப்புப் பாட்டுக்குக் கூட்டம் சிரித்தது. சதாசிவத்தின் இளவயதுக் குரல் கேட்டதும் கைதட்டினார்கள். அவர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

அடுத்து சங்கிலி விழுந்தது. பூட்டு இறுகியது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. தீயின் ஓசை எழுந்து, கதவில் கைகள் அறையத் தொடங்கியபோது முன் வரிசைத் தலைகள் சுவர்ப் பக்கம் திரும்பின. “சாந்தா, கீழ உக்காரு” என்ற குரல் வந்ததும் கடைசி வரிசையிலிருந்து மயிலாத்தாள் “அய்யோ” என்று கத்தினாள். “சங்கிலிய எடுங்கய்யா” என்று ராமாத்தாள் கூவினாள், இருமினாள், நின்றாள்.

அதற்குப் பின் சதாசிவத்தின் குரல், துளசிமணி செய்த குரல், நிதானமாகச் சொன்னது: “கத்தட்டும். அத்தனையும் திருட்டுக் கழுதைக. வெந்து சாகட்டும். திறக்காதே.”

சதாசிவம் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“நான் அப்படிச் சொல்லல!” அவர் சுவரைப் பார்த்துத்தான் கத்தினார். “வெந்து சாகட்டும்னு எவன் சொன்னான்? கதவத் திறந்தா காத்து உள்ள போயி பக்கத்துக் குடோனும் புடிச்சுக்கும், ஃபயர் வண்டி வர்ற வரைக்கும் பூட்டு இருக்கட்டும்னுதான் வாட்ச்மேன்கிட்டச் சொன்னேன்! அவ்வளவுதான் சொன்னேன்! அங்க ஆயிரம் பேல் பஞ்சு இருந்துச்சு!”

அவர் குரல் உயர்ந்த கூரையில் மோதி இறங்கியது. விளக்குகள் எரிந்தன. நானூறு பேரும் தன்னைப் பார்ப்பதை அவர் அப்போதுதான் கண்டார்.

துளசிமணி ஒலிவாங்கியை எடுத்தாள். இதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அவமானப்படுத்த நினைத்தாளே தவிர, அவரே வாயைத் திறப்பார் என்று கனவிலும் எண்ணவில்லை.

“அன்னைக்கு நீங்க சென்னையில இருந்தீங்கன்னு விசாரணையில சொன்னீங்களே?” என்றாள். “பூட்டு வெளியில இருந்துச்சுங்களா?”

சதாசிவம் கைத்தடியைத் தேடினார்.

“நான் ராமாத்தா மகளுங்க. எங்கம்மா தாழ்ப்பாள் போட்டு அத்தனை பேரையும் கொன்னுட்டாங்கன்னு எழுதி வெச்சீங்க. இத்தனை பேரு முன்னால ஒரு தடவை சொல்லுங்க. பூட்டு எந்தப் பக்கம் இருந்துச்சு?”

சதாசிவத்தின் உதடு அசைந்தது. வசுந்தரா எழுந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். “வாங்கப்பா, போகலாம்” என்று கெஞ்சினாள். அவர் நகரவில்லை.

“வெளிய,” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக முப்பத்து நான்கு வருடம் காத்திருந்தவளுக்கு அது கிடைத்ததும் இனிப்பாகவே இருந்தது. அதை அவள் பின்னாளில் மறுத்ததில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஷபீர் அவளைப் பாய்லர் அறைப் படியில் பிடித்தான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ‘வெந்து சாகட்டும்’னு வந்துச்சே, அது சுவத்துல இருந்துச்சா?”

“இல்ல.”

“மத்ததெல்லாம்?”

“மத்த எல்லாமே இருந்துச்சு. அது மட்டும் நான் வெச்சது.”

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். “இந்தக் கட்டடத்துல ஒரு செங்கல்லைக்கூட நான் பொய்யா வெக்கலைங்க. எது பழசு, எது புதுசுன்னு பார்த்தாலே தெரியணும்னு கோடு போட்டுக் கட்டுனேன். உங்ககிட்ட உண்மை இருந்துச்சு. அதுமேல ஏங்க பொய்யப் பூசுனீங்க?”

“உண்மையச் சொன்னா அவரு அழுதுட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு. பொய்தான் அவரை எழுப்பி நிக்க வெச்சுது.”

ஷபீர் எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவே இல்லை.

மறுநாள் காலை மயிலாத்தாள் அவள் தங்கியிருந்த விடுதிக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

“குடத்தை எத்துனது எனக்கு ஞாபகம் இருக்குது,” என்றாள். “மன்னிச்சுக்கோன்னு கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. கடைசி வரைக்கும் உங்கம்மா என்ற தங்கச்சியத்தான் பார்த்துட்டு இருந்திருக்கா. அவளையே நாங்க…” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “ஒண்ணு மட்டும் சொல்லு கண்ணு. ரொம்ப நேரம் துடிச்சாளா சாந்தா? அதத் தெரிஞ்சுக்காம எனக்கு ஒரு நாளும் விடிஞ்சதில்ல.”

துளசிமணிக்குத் தெரியவில்லை. மீதியை அவள் கேட்டதே இல்லை. “சாயங்காலம் வாங்க, சொல்றேன்,” என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு மீதிப் பதிவைக் கேட்டாள். கைகள் கதவில் அறையத் தொடங்கியதிலிருந்து அம்மாவின் இருமல் நிற்கும்வரை நான்கு நிமிடம். அதற்குப் பின் தீயின் ஓசை தவிர மனிதச் சத்தம் எதுவும் இல்லை. புகை எல்லோரையும் ஒரேயடியாகச் சாய்த்துவிட்டது. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஏழு நிமிடம் ஆனது. ஒன்பது ஆனது. நடுவில் டமார் டமாரென்று சில ஓசைகள்; பேல்களைக் கட்டியிருந்த இரும்புப் பட்டைகள் சூட்டில் அறுந்து கதவில் அடிக்கும் ஓசை. பதினொரு நிமிடம் கழித்துத்தான் கார் வந்து நின்றது. ஓடிவரும் கால்கள். “சாவி குடுங்க முதலாளி” என்று ஒருவன் அழுதான். இன்னொரு குரல் ஏதோ அடக்கமாகச் சொன்னது. சொல் பிடிபடவில்லை. பட்டைகள் அறுந்து கதவை அறைந்துகொண்டே இருந்தன. கார் திரும்பிப் போனது.

சதாசிவம் வந்து நின்றபோது உள்ளே காப்பாற்ற யாரும் மிச்சமில்லை.

சாயங்காலம் வந்த மயிலாத்தாளிடம், “நாலே நிமிஷமுங்க. புகையில மயங்கிட்டாங்க. தீ கிட்ட வந்தப்ப யாருக்கும் நெனவு இல்ல,” என்றாள். மயிலாத்தாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பதினொரு நிமிடத்தைப் பற்றித் துளசிமணி அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

வழக்கு மறுபடி திறந்தது. சதாசிவத்தின் வக்கீல் மூன்றே வாரத்தில் அந்த வாக்கியம் ஒட்டுப்போட்டது என்று நிரூபித்தார். அவளும் நீதிமன்றத்தில் நின்று ஒப்புக்கொண்டாள். ஆனாலும் நானூறு பேர் முன்னால் அவர் வாயாலேயே சொன்னதை யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை. பழைய விசாரணை அறிக்கையிலிருந்து ராமாத்தாளின் பெயரை நீக்கினார்கள். சதாசிவம் கைதாகி, வயதைக் காட்டி ஜாமீனில் வீடு வந்தார். கலைக்கூடத்தின் வாசலில் இருந்த அவர் பெயரை ஒருநாள் காலையில் யாரோ தார் பூசி அழித்திருந்தார்கள். ஒருவரும் அதைத் துடைக்கவில்லை. சுவர் படிக்கும் தொழிலுக்கான துளசிமணியின் உரிமம் ரத்தானது. இதையெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

எதிர்பாராதது ஒரு தொலைபேசி அழைப்பு. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். அவள் மகள் ஒரு விடுதியில் செத்துப் போயிருந்தாள். தூக்குப் போட்டுக்கொண்டதாகச் சொல்லிவிட்டார்கள். அறைச் சுவரைப் படிக்கச் சொல்லி இரண்டு வருடம் அலைந்து உத்தரவு வாங்கியிருந்தாள்.

“ஜட்ஜய்யா நேத்து அதை வாணாம்னுட்டாரும்மா. சுவத்துச் சத்தத்தை நம்ப முடியாதாம். கோயமுத்தூர்ல ஒரு பொம்பள பொய்யாப் பண்ணிட்டாளாம். உங்கம்மாவுக்கு நியாயம் கெடைச்சிருச்சு. நல்லா இரு. எங்க சுவரு உனக்கு என்னாம்மா பண்ணுச்சு?”

துளசிமணி ஏதோ சொல்வதற்குள் அழைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பன்னிரண்டு நாள், நாளுக்கு ஒரு தடவை கூப்பிட்டாள். எடுக்கவே இல்லை.

அந்தக் குற்றவுணர்ச்சிக்கும் அவள் ஒரு ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டாள். சதாசிவம் அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் நான் ஏன் பொய் சொல்லியிருக்கப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல சதாசிவத்தின் மேல் இருந்த வெறுப்பு குறைவதற்குப் பதில் கெட்டியானது.

இரண்டு மாதம் கழித்து வசுந்தரா கூப்பிட்டாள்.

“உங்ககிட்டப் பேசறதுக்கு எனக்கு உரிமை இல்லீங்க. அப்பாவுக்கு முடியல. தூங்கறதே இல்ல, சோறு இறங்கறதில்ல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு மட்டும் சொல்லிட்டே இருக்கறார். என்னன்னு எங்ககிட்டச் சொல்ல மாட்டேங்கறார். ஒரு அஞ்சு நிமிஷம் வந்து போறீங்களா?”

காலை பத்து மணிக்கு ரேஸ்கோர்ஸ் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் சதாசிவம் கிடந்தார். பாதி ஆளாக இருந்தார். மகளை வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார். கதவு சாத்தியதும் அவள் பக்கம் திரும்பினார்.

“மன்னிப்புக் கேக்கறதுக்குக் கூப்படல அம்மிணி. நீ குடுக்க மாட்ட. எனக்குத் தெரியும்.”

அவர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து சாய்ந்துகொண்டார்.

“அன்னைக்கு நான் அங்க நின்னப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு. டமார் டமார்னு. கதவுமேல.” அவர் மூச்சு வாங்கினார். “வாட்ச்மேன், உள்ள தட்டறாங்கன்னு அழுதான். நான், அது பேல் பட்டை வெடிக்குதுடான்னு சொன்னேன். சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டேன். பட்டைதான், பட்டைதான்னு முப்பத்து நாலு வருஷமாச் சொல்லிட்டே இருக்கறேன். சில நாள் நம்ப முடியுது. சில நாள் முடியல.”

அவருடைய விரல்கள் போர்வையைப் பற்றின.

“உன்கிட்ட அந்தப் பதிவு முழுசா இருக்கும். கோர்ட்டுல நீ குடுத்தது பாதிதான். வக்கீல் கேக்கலாமான்னாரு, நான் வேண்டாம்னுட்டேன். எனக்குப் பயம். இப்பக் கேக்கறேன். கேஸுக்கு இல்ல. அவர்கிட்டக் கூடச் சொல்ல மாட்டேன். நான் அங்க நின்னப்ப உள்ள உசுரு இருந்துச்சா? அது பட்டையா, கையா?”

துளசிமணி அவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் கலங்கி, சின்னப் பிள்ளையின் கண்கள் போலிருந்தன. அவருக்கு வேண்டியது அவளிடம் இருந்தது. ஒரே வார்த்தை. பொய்கூட இல்லை, உண்மையான வார்த்தை. பத்து நாட்களோ பத்து மாதங்களோ, மிச்சமிருக்கும் நாட்களை அவர் அதை வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார்.

“கைதானுங்க,” என்றாள்.

அவர் வாய் திறந்தபடியே நின்றது.

“எங்கம்மா கை. கார் வந்து நின்ன சத்தம் அவங்களுக்குக் கேட்டுருக்குது. முதலாளி வந்துட்டாரு, இனிப் பயமில்லைன்னு மத்தவங்ககிட்டச் சொல்றாங்க.”

“எவ்வளவு நேரம்…” என்றார். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

“நீங்க திரும்பிப் போற வரைக்கும் தட்டுனாங்க.”

சதாசிவம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அவள் அதைக் கடைசிவரை நின்று பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

வசுந்தரா கூடத்தில் காபியோடு நின்றிருந்தாள். “அப்பா கேட்டதுக்குப் பதில் கிடைச்சுதுங்களா?”

“கிடைச்சுதுங்க.”

“ரொம்ப நன்றிங்க.” வசுந்தராவின் கண் நிறைந்துவிட்டது. “உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும், எனக்குப் புரியுது. இனியாச்சும் நிம்மதியாத் தூங்குவாரு.”

துளசிமணி காபியை வாங்கி, நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.